சிவனொளிபாத மலைவழியும் மவுசாகலை நீர்நிலையும்

ஆண்டுதோறும் திசெம்பர் மாதத்து முழுமதி நாளிலே தொடங்கி வெசாக் முழுமதியோடு நிறைவுறும் யாத்திரைக் காலத்தில், அட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் இரவிலேயே ஏறுவர். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 5,500 படிகள் உள. தொடக்கத்திலே சாய்வு மென்மையாகவே இருக்கும். சீத கங்குலையைக் கடந்த பின்னரே மலை தன் இயல்பைக் காட்டும். இறுதிப் பகுதியிலே கைப்பிடிக் கம்பியைப் பற்றாது ஏறுதல் அரிது. 7,359 அடி உயரமுள்ள உச்சியை அடைந்து குளிரிலே நடுங்கியவாறு காத்திருப்போர்க்குக் கிடைக்கும் காட்சிகள் இரண்டு. ஒன்று, ஞாயிறு எழுங்கால் மேற்றிசை முகிலின்மீது விழும் மலையின் முக்கோண நிழல். அது சிறிது பொழுதில் மறைந்துவிடும். மற்றையது, மஞ்சு விலகியபின் வடகிழக்கே, தேயிலைக் குன்றுகளுக்கிடையில் பல கைகளை நீட்டிக் கிடக்கும் பெரியதொரு நீர்ப்பரப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரோடு அங்கு நின்றபோது, அவர்களுள் ஒருவன், “ஐயா, இந்த ஏரியை இபுனு பதூதாவும் பார்த்திருப்பாரா?” என்று வினவினான். முதல்நாட் பயணத்தின்போது அவ்யாத்திரிகரைப் பற்றி யான் கூறியதன் விளைவு அது. “இல்லை, இது 1969 ஆம் ஆண்டிலே உண்டான நீர்த்தேக்கம்” என்று விடையிறுத்தேன். அவன் ஏமாற்றமடைந்தான். விடை பிழையன்று, ஆயினும் மிகக் குறையுடையது என்பது இறங்கும்போதுதான் எனக்குத் தோன்றிற்று. அக்குறையை ஈண்டு நிரப்ப முயல்கின்றேன்.

இம்மலையின் பழமை பற்றி ஐயமில்லை. மணிமேகலை இதனைச் சமந்தம் என்றும் சமனொளி என்றும் குறிக்கின்றது. உச்சியிலுள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தபிரானுடையது என்பர். இசுலாமியர் ஆதம் நபியுடையது என்பர். கிறித்தவருட் சிலர் தோமா முனிவருடையது என்பர். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. எவரும் அத்துணைக் கருதாதது, ஏறுவோரின் துன்பத்தைக் குறைத்தற்குச் செய்யப்பட்ட தொண்டின் வரலாறாகும். பதினோராம் நூற்றாண்டிலே முதலாம் விசயபாகு மன்னன், இம்மலைக்குச் செல்வோர் படும் இடரைக் கண்டு, அவர்களுக்கு உணவளித்தற்பொருட்டுக் கிலிமலை என்னும் ஊரை மானியமாக வழங்கினான் எனச் சூளவமிசம் கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனான தேவபதிராசன், வழியிலுள்ள ஆறுகளுக்குப் பாலங்கள் அமைப்பித்தான். சீதாவாக்கை மன்னனான முதலாம் இராசசிங்கன் மலையைச் சைவத் துறவியரிடம் ஒப்படைத்ததும், கண்டியை ஆண்ட கீர்த்திசிறீ இராசசிங்கன் பதினெட்டாம் நூற்றாண்டிலே அதனை மீண்டும் பிக்குமாரிடம் அளித்ததும் பிற்காலச் செய்திகள். உரிமை கைமாறியபோதும் ஏறுவோர் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி, இபுனு பதூதா. 1344 ஆம் ஆண்டிலே புத்தளக் கரையை அடைந்த அவரை வரவேற்றவர் நம் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியாவார். முத்துக்களை முன்வைத்து, வேண்டுவது யாதென வினவிய மன்னரிடம், திருவடியைத் தரிசித்தல் ஒன்றே தம் வேட்கை என்றார் அவர். மன்னர் ஒரு பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகியர் நால்வரும், அந்தணர் மூவரும், பரிவாரத்தார் பதின்மரும், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவரும் துணையாகச் செல்லுமாறு பணித்தனர். மலைக்கு இரு வழிகள் உண்டென்றும், எளிய வழியால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே கருதார் என்றும், அரிய வழியிலே பற்றி ஏறுதற்குப் பத்துச் சங்கிலிகள் பூட்டப்பட்டிருந்தன என்றும் அவர் எழுதிவைத்துள்ளார். நம்மவர் இக்குறிப்பை யாழ்ப்பாண அரசின் செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் சான்றாக எடுத்துக்காட்டுவர். அது தக்கதே. ஆயின், அந்தப் பதினைந்து சுமைகாரரைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. யோகியர்க்கும் அந்தணர்க்கும் முன்னரோ பின்னரோ அதே செங்குத்தான வழியிலே அரிசியும் பாண்டமும் சுமந்து ஏறியவர் அவர். அவர்க்கு அது யாத்திரையா, ஊழியமா?

அக்காலத்திலே உச்சியினின்று வடகிழக்கே நோக்கியவர்க்குத் தெரிந்தது காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் மஸ்கெலியாப் பக்கம் யானைகள் உலாவிய பெருங்காடாகவே இருந்தது. அதனை அழித்துக் கோப்பித் தோட்டமாக்கியவர்கள் தமிழகத்தினின்று வந்த தொழிலாளர். கங்காணியின் பின்னே கூட்டங்கூட்டமாகத் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் நீரின்மையாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழிக்கு மானியம் விட்ட மன்னரின் பெயர் கல்வெட்டிலே நிற்கின்றது. இந்த வழியிலே வீழ்ந்தவரின் பெயரை எக்கல்லும் சொல்லாது.

1869 ஆம் ஆண்டிலே இலங்கையிற் காணப்பட்ட இலைநோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. சேமிசு தெயிலர் என்பார் 1867 இல் உலூல்கந்துரையிலே பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மஸ்கெலியாவிலே இன்றும் மொக்கா என்றொரு தோட்டம் உண்டு. ஏமன் நாட்டுக் கோப்பித் துறைமுகத்தின் பெயர், கோப்பி போன பின்னும் அவ்விடத்திலே தங்கிவிட்டது. துரைமார் டல்ஹவுசி எனப் பெயரிட்ட இடத்தைத் தொழிலாளர் நல்லதண்ணி என்றனர். ஒன்று இந்தியாவை ஆண்ட ஒருவரின் நினைவு. மற்றையது தாகந் தீர்ந்தவரின் சொல். இப்பொழுது யாத்திரிகர் நாவில் வழங்குவது எது என்று கூறவேண்டியதில்லை.

1884 ஆம் ஆண்டிலே புகைவண்டிப் பாதை அட்டனை அடைந்தது. இதன் விளைவு தேயிலைப் பெட்டிகளுடன் நிற்கவில்லை. பழைய மன்னர்கள் பேணிய வழிகளுட் சிறந்தது இரத்தினபுரிப் பக்கத்தது. அதுவே நெடியது, கடியது. தோட்டங்களுக்காக வெட்டிய தெருக்களும் புகைவண்டியும் சேர்ந்து அட்டன் வழியை யாவர்க்கும் எளிதாக்கின. இன்று மிகப் பெருந்தொகையானோர் ஏறுவது இவ்வழியாலேயே. ஆகவே, தொன்றுதொட்டு வந்ததாக நாம் எண்ணி ஏறும் இவ்வழியின் பெருக்கம், தேயிலை தந்த பயன்களுள் ஒன்று.

நீர்நிலையின் கதை இதனிலும் இளையது. களனி கங்கையின் தலையாறுகளான கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இம்மலைச் சாரல்களிலே பிறப்பவை. அவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918 ஆம் ஆண்டிலே பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தவர் டி. சே. விமலசுரேந்திரர். அன்றைய ஆட்சியாளர் அதனைப் பெரிதாகப் போற்றவில்லை. தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. இலட்சபானை மின்னிலையம் இயங்கத் தொடங்கிய 1950 ஆம் ஆண்டிலே அவர் முதியவராகிவிட்டார். பின்னர் கெகல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965 இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை நீர்த்தேக்கம் 1969 இலும் அமைந்தன. பின்னையது ஏறத்தாழ 12 கோடி கனமீற்றர் நீரைக் கொள்ளவல்லது. கொழும்பு நகர் ஒளிபெற்றது. அணையை நோக்கி நின்ற லயங்கள் பலவற்றிலே குப்பி விளக்கே பல்லாண்டுகள் எரிந்தது.

நீர் ஏறிய பள்ளத்தாக்கு வெறுநிலம் அன்று. பழைய மஸ்கெலியா நகரம் அங்கேதான் இருந்தது. கடைத்தெருவும், சைவக் கோயிலும், பௌத்த விகாரையும், பள்ளிவாசலும் நீருள் ஆழ்ந்தன. மேட்டிலே புதிய நகரம் எழுந்தது. வறட்சி மிக்க ஆண்டுகளிலே நீர் வற்றும்போது, கோயிலின் கற்கட்டும் ஏனையவற்றின் எச்சங்களும் சேற்றினின்று வெளிப்படும். அவற்றைக் காண மக்கள் திரள்வர். உச்சியிலே ஓர் அடிச்சுவட்டை நால்வகைச் சமயத்தாரும் வணங்குகின்றனர். அடியிலே அச்சமயத்தாருள் மூவரின் ஆலயங்கள் ஒரே நீரின்கீழ் கிடக்கின்றன.

அந்த ஆண்டுகளை வரலாற்று மாணவன் மற்றொரு காரணத்தாலும் நினைவிற் கொள்ளவேண்டும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிலே செய்த சிறிமா-சாத்திரி உடன்படிக்கை, 9,75,000 பேர் எனக் கணித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாக்கியது. பள்ளத்தாக்கிலே நீர் ஏறிய அதே காலத்திலே, அதனைச் சூழ்ந்த லயங்களிலே யார் எந்நாட்டார் என்னும் விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன. தமையன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். பாட்டன் நடந்து வந்த மன்னார்த் திசையிலேயே பேரர் புகைவண்டியிற் சென்று, தலைமன்னாரிலே இராமேசுவரக் கப்பல் ஏறினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றாகக் கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்லவேண்டியிருந்தது. அணைகளின் வரலாற்றை எழுதுவோர் இதனை எழுதார். உடன்படிக்கையின் வரலாற்றை எழுதுவோர் அணையை எழுதார். மலையுச்சியிலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் நிகழ்ந்தவை என்பது விளங்கும்.

அன்று மாலை மஸ்கெலியாவிலே தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தோம். அங்கிருந்த முதியவர் ஒருவர், எம் மாணவன் கேட்டதன் பேரில், தாம் சிறுவராயிருந்தபோது தந்தையாருடன் சந்தைக்குச் சென்ற தெருவைக் கைநீட்டிக் காட்டினார். அத்தெரு கரையிலிருந்து தொடங்கிச் சிறிது தூரம் சென்று நீருக்குள் இறங்கிவிட்டது. “கோயில் எந்தப் பக்கம், தாத்தா?” என்றான் மாணவன். முதியவர் எழுந்து வாயிலுக்கு வந்து, நெடுநேரம் நீரைப் பார்த்துவிட்டு, “அந்தா, அந்தப் படகு நிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் இப்பால தம்பி. இந்த வருசம் மழை சாஸ்தி, தெரியாது” என்றார்.