சாம்பலா, சிவப்பா?

பூநகரி வயல்களில் மொட்டைக்கறுப்பன் விதைக்க உழுத எங்கள் ஐயாவின் உழவு இயந்திரம் 2008 இடப்பெயர்வோடு போயிற்று. படம்கூட மிஞ்சவில்லை. பேரனுக்காக அதை மரத்தில் சிறிதாகச் செதுக்கினேன். மெசி பேர்குசன் சிவப்புத்தானே என்று சிவப்புப் பூசினேன்.

அம்மா பார்த்தார். "இல்லை மோனை, எங்கடை மிசின் சாம்பல். எஞ்சின்தான் பொன்னிறம். நான் கலியாணம் முடிச்ச 1957 சித்திரையிலை வந்தது."

சரித்திரமும் அம்மாவின் பக்கமே. மெசி ஹரிஸ், பேர்குசன் கம்பனிகள் 1953 இல் இணைந்தன. ஆனாலும், இங்கிலாந்தின் கொவன்றி நகரில் 1956 இல் உருவான பேர்குசன் 35 சாம்பலும் பொன்னிறமுமாகவே வந்தது. சிவப்பு மேனி 1957 இன் கடைசியில்தான்.

சிவப்பைச் சுரண்டிவிட்டேன். நிறம் பிழைத்தால் ஆண்டும் பிழைக்கும். பிறகு அது ஐயாவின் மிசின் அல்ல, யாரோ ஒருவருடையது.