பழவேற்காட்டில் இரண்டு தஞ்சம்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, கல்லூரி நினைவுகளாக இருந்தாலும் சரி" என்றார்கள். நினைவுகளை மற்றவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத என்னைவிட அனுபவசாலிகள் நம் பேட்சிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அந்தக் கேள்வி பிறந்தது நம் ஹாஸ்டலில்தான்.

இரண்டாம் ஆண்டில் என் அறைத் தோழன் தமிழில் கெட்டிக்காரன். அப்பா தறி போட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் என் மேஜையில் கிடந்த வேதாகமத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "டேய், உங்க பைபிள் தமிழ் ஏன்டா இப்படி இருக்கு? யார்ரா எழுதினது?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்த வசனங்கள். யார் தமிழில் எழுதினார் என்று தெரியாது! "யாரோ வெள்ளைக்காரங்க" என்று சமாளித்தேன்.

நான் ஆரணிக்காரன். பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஆரணி. ஒவ்வொரு முறையும் இந்த விளக்கம் சொல்லித்தான் எங்கள் ஊர்க்காரர்கள் அறிமுகம் ஆக வேண்டியிருக்கிறது. இந்த ஆறு பொன்னேரி வழியாகப் போய்ப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. என் கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு அந்த ஏரிக்கரையிலேயே இருந்தது என்பது, படிப்பு முடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்புத் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்து, வார விடுமுறையில் புத்தகம் தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

கதையைத் தரங்கம்பாடியில் தொடங்க வேண்டும். 1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பி, சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மன் வாலிபர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முதல் எதிரி தஞ்சாவூர் ராஜா இல்லை, சொந்த மதத்தைச் சேர்ந்த டேனிஷ் கவர்னர் ஹாசியஸ்தான். கம்பெனி வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது அவருடைய எண்ணம். சீகன்பால்கு 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கைது. ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியது குற்றமாகப் போயிற்று. கோட்டைச் சிறையில் நான்கு மாதம். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். 1714, 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்வார்கள். வார்ப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: வெறும் ஈயம் அச்செழுத்துக்கு ஆகாது. மென்மையானது, அழுத்தினால் நசுங்கும், ஆறும்போது சுருங்கும். ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தால்தான் விளிம்பு கூர்மையாக நிற்கும். இந்தக் கடற்கரை வெக்கையில், சரக்கு வர ஒரு வருஷம் ஆகும் காலத்தில், அவர்கள் செய்து காட்டினார்கள். சீகன்பால்கு 1719-ல் இறந்தபோது வயது 36. என் வயதும் ஏறக்குறைய அதுதான். அதற்கு மேல் அந்தக் கணக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் என் நண்பன் கேட்ட தமிழ் அவருடையது அல்ல. முதல் முயற்சி ஆனபடியால் அதில் கரடுமுரடு நிறைய. அதைத் திருத்தி, ஏறக்குறையப் புதிதாகவே எழுதியவர் பிலிப் பெப்ரீசியஸ். 1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-ல் சென்னை மிஷனுக்கு மாற்றலானார். பிறகு அவர் சாகும்வரை சென்னைதான் ஊர்.

வந்த நாலாவது வருஷமே யுத்தம். 1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. கோட்டைக்கு ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து தரைமட்டமானது. மிஷனும் வீடு வாசலை இழந்தது. பெப்ரீசியஸ் தம் சபையாரோடு போய்ச் சேர்ந்த இடம் நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை அங்கே இருந்தது. 1690-லேயே அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டதால் ஊரின் பழைய பவிசு குறைந்திருந்தது. ஆனாலும் டச்சுக் கொடி பறந்த இடத்தில் பிரெஞ்சுக்காரன் கை வைக்க முடியாது. அந்த ஒரே பாதுகாப்பை நம்பித்தான் போனார்கள். கல்வியறிவுள்ள பாதிரிமார் மட்டும் இல்லை. உபதேசியார், கூலிக்காரர், வேலைக்காரர், கிழவிகள், கைக்குழந்தைகள். பாதிரியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கூடப் போனவர்களின் பெயர் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரப் பாதிரிக்காவது ஒரு கப்பலாவது கிடைக்கும். ஊரையும் உறவையும் விட்டு வேதத்தில் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு, ஆலயமும் போய்விட்டால் திரும்பிப் போக வீடு ஏது?

இந்த இடத்தில் நம்மவர்களை மட்டும் தியாகிகளாகக் காட்டினால் அது நியாயம் ஆகாது. பழவேற்காட்டில் அடைக்கலம் கொடுத்த இதே டச்சுக்காரர்கள், 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அங்கே கத்தோலிக்கக் குருமாரை அடியோடு தடை செய்தவர்கள். கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் 1687-ல் கூலிக்காரர் வேஷத்தில்தான் இலங்கைக்குள் நுழைய முடிந்தது. 2015-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. சென்னையிலும் அதே கதை. சமாதான உடன்படிக்கையின்படி 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியபோது, கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோனார்கள் என்று சந்தேகப்பட்டு, வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் கட்டிய சிற்றாலயத்தைப் பறித்துப் பெப்ரீசியஸ் மிஷனுக்குக் கொடுத்தார்கள். உஸ்கான் ஆட்சேபித்தும் பலனில்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு மர்மலாங் பாலம் கட்டிக்கொடுத்த அதே உஸ்கான்தான். பாலத்தை ஊர் ஏற்றுக்கொண்டது, கோயிலை எடுத்துக்கொண்டது. அதை வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் பக்கத்தார் என்பதால் சொல்லாமல் விட முடியாது.

வேப்பேரியில்தான் பெப்ரீசியஸ் மொழிபெயர்ப்பில் மூழ்கினார். பத்து வருஷம்கூட நிம்மதி இல்லை. 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டது. கோட்டைக்கு வெளியே, சுவர் இல்லாத வேப்பேரி சூறையாடப்பட்டது. பெப்ரீசியஸும் சபையாரும் மறுபடியும் பழவேற்காட்டுக்கு!

இந்தப் பயணத்தை நான் பலமுறை மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன். ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரம். வழியில் கொசஸ்தலையாறு, பிறகு எங்கள் ஆரணியாறு. டிசம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 வெள்ளத்தில் இந்த ஆறு பொன்னேரிப் பக்கம் எப்படிப் புரண்டது என்று பார்த்தவனுக்குத் தெரியும், அந்த மாதத்தில் இதைத் தாண்டுவது விளையாட்டு இல்லை. வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஆறுதான். கோபம் வந்தால் வேறு முகம். பாலம் இல்லாத நாளில், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக எப்படிப் போனார்களோ! 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து முற்றுகை விலகிய பிறகே திரும்பினார்கள். திரும்பியதும் அவர் செய்தது பழைய வேலைதான். புதிய ஏற்பாடு முடிந்ததும் பழைய ஏற்பாடு. ஒவ்வொரு சொல்லையும் முழங்காலில் நின்று தேடினார் என்று சபையில் சொல்வது வழக்கம்.

யுத்தத்தால் வந்த ஒரே லாபம் அச்சு இயந்திரம். 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபோது கவர்னர் மாளிகையிலிருந்த அச்சு இயந்திரத்தை ஆங்கிலேயர் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. கம்பெனிக்கு வேண்டியதை முதலில் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரிக்குக் கொடுத்தார்கள். இரண்டு தடவை அவரை ஓடவைத்த பிரெஞ்சுக்காரர்களின் இயந்திரம்! 1772-ல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதி. பிற்காலத்துப் பல அகராதிகளுக்கு அது அடிப்படை.

கடவுளுக்கு அவர் தெரிந்தெடுத்த சொல் 'பராபரன்'. ஏறக்குறைய அதே நூற்றாண்டில் தாயுமானவர் 'பராபரக்கண்ணி' பாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள். வேதத்தை விட்டுக்கொடுக்காதவர், அதைச் சொல்லும் சொல்லை இந்த மண்ணிலேயே தேடியிருக்கிறார். பின்னர் வந்த மொழிபெயர்ப்புகள் 'தேவன்' என்று மாற்றின. 1871-ல் பவர் ஐயர் தலைமையில் ஐக்கியத் திருப்புதல் வந்த பிறகும் லூத்தரன் சபையார் பல ஆண்டுகள் பெப்ரீசியஸ் படியை விடவில்லை. புரசைவாக்கத்தில் பிறந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்ட என் பாட்டி, ஜெபத்தில் மட்டும் 'பராபரனே' என்பார். சின்ன வயதில் அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை.

பெரிய சோதனை முதுமையில் வந்தது. அதைச் செய்தது எந்தப் படையும் அல்ல, கடன். தம்மை நம்பி ஒப்படைத்த பணத்தைப் பெப்ரீசியஸ் வட்டிக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. கணக்கு வழக்கில் அவர் சாமர்த்தியசாலி இல்லை, ஆளை எடைபோடவும் தெரியவில்லை. பணம் போட்ட ஏழைகள் பாதிக்கப்பட்டார்கள், அதை மறைக்க முடியாது. கடன்காரர் சிறையிலும் இருக்க நேர்ந்தது. 1788-ல் கெரிக்கே ஐயர் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில், எண்பது வயதில், பெப்ரீசியஸ் சென்னையில் காலமானார். ஐம்பது வருஷம் சொந்த ஊர் திரும்பவில்லை. பழைய ஏற்பாடு 1777 முதல் தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சேறிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி வெளிவந்தபோது அவர் இல்லை.

சென்ற வருஷம் அந்த அறைத் தோழனைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லோடு நன்றாக இருக்கிறது. நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். பதினைந்து வருஷம் தாமதமான பதில். கேட்டு முடித்தவன், "அந்தக் கூடப் போனவங்க எங்கடா தங்கியிருப்பாங்க?" என்றான். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தோம்.