டூயி நடத்திய பள்ளி

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் 'செய்து கற்றல்' என்னும் தொடரை அறிவர். தேர்வுத் தாளில் அதனை விளக்கி மதிப்பெண் பெற்றோரும் பலர். அத்தொடரோடு இணைத்துச் சொல்லப்படும் பெயர் ஜான் டூயி என்பதாகும். ஆயினும், அவ்வறிஞர் தாமே ஒரு பள்ளியை நிறுவி எட்டாண்டுக் காலம் நடத்தினார் என்பதும், அங்கு நாள்தோறும் நிகழ்ந்தது என்ன என்பதும் அத்துணை அறியப்படவில்லை. அதனால், செய்து கற்றல் என்பது பாடத்தைக் குறைத்து விளையாட்டைக் கூட்டுவது என எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பிழையானது என்பதை அப்பள்ளியின் வரலாறே காட்டும்.

தோற்றம்

அமெரிக்க நாட்டின் சிகாகோ பல்கலைக்கழகம் 1892-ஆம் ஆண்டில் மாணவர்க்குக் கதவு திறந்தது. ஈராண்டுகள் கழித்து, மெய்ப்பொருளியல், உளவியல், கல்வியியல் ஆகியவற்றுக்குத் தலைவராக டூயி அங்கு வந்து சேர்ந்தார். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஆய்வுக்கூடம் இருத்தல் போலக் கல்வியியலுக்கும் ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும். அது ஒரு பள்ளியாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. அவ்வாறே 1896 சனவரித் திங்களில், 16 பிள்ளைகளோடும் 2 ஆசிரியரோடும் பள்ளி தொடங்கிற்று. கட்டணம் செலுத்திப் பயிலும் பகற்பள்ளி அது. 1902-இல் பிள்ளைகள் 140 பேராகவும், ஆசிரியர் 23 பேராகவும், துணைநின்ற பட்டமேற்படிப்பு மாணவர் 10 பேராகவும் பெருகினர்.

பள்ளிக்கு ஏற்ற மேசைகளைத் தேடி டூயி கடை கடையாக அலைந்த செய்தியை அவரே எழுதியுள்ளார். எதுவும் பொருந்தவில்லை. இறுதியில் ஒரு கடைக்காரர் காரணத்தைக் கண்டு சொன்னார்: இவர் தேடுவது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, கடைகளில் இருப்பனவோ அமர்ந்து கேட்பதற்கானவை. பழைய கல்விமுறையின் இயல்பு முழுவதும் அவ்வொரு மறுமொழியில் அடங்கிவிட்டது எனலாம்.

பாடமுறை

சமையல், தச்சு, நூற்றல், நெசவு ஆகிய தொழில்கள் அப்பள்ளிப் பாடத்திட்டத்தின் நடுவில் நின்றன. பிள்ளைகளைத் தொழிலாளராக்குவது நோக்கமன்று. மனித குலம் எத்தொழில்களால் அறிவு பெற்று வளர்ந்ததோ, அத்தொழில்களின் வழியே பிள்ளைகளும் அறிவு பெறுதல் வேண்டும் என்பதே நோக்கம்.

பாடம் அகவைக்கேற்ப ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. இளையோர் வீட்டு வேலைகளிலிருந்து தொடங்கினர். ஆறு வயதினர் வேளாண்மையையும், ஏழு வயதினர் தொல்மாந்தரின் கண்டுபிடிப்புகளையும், எட்டு வயதினர் கடலோடிகளின் பயணங்களையும் கற்றனர். ஒன்பது வயதினர்க்குத் தம் நகரான சிகாகோவின் வரலாறும், பத்து வயதினர்க்கு அமெரிக்கக் குடியேற்ற வரலாறும் அமைந்தன.

கற்பித்தல் நிகழ்ந்த முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருவோம். பிள்ளைகளிடம் ஆட்டு மயிரும் பஞ்சுக்காயும் தரப்பட்டன. அரை மணி நேரம் முயன்று விதையை நீக்கியும் ஓர் அவுன்சுக்குக் குறைவான பஞ்சே கிடைத்தது. கம்பளி இழைகளோ சொரசொரப்பாய் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நூற்றற்கு எளியவாயிருந்தன. தம் முன்னோர் பருத்தியைவிடக் கம்பளியை மிகுதியாக உடுத்தது ஏன் என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்தனர். அங்கிருந்து பாடம் இயந்திரங்களின் வரலாற்றுக்கும், பருத்தி விளையும் நிலங்களின் இயல்புக்கும் சென்றது.

சமையலறையிலும் அவ்வாறே. முட்டையின் வெண்கரு எந்தச் சூட்டில் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் படிப்படியாக ஆராய்ந்தனர். இத்துணைத் தொல்லை எதற்கு, சமையல் நூலைப் பார்த்துச் செய்துவிடலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்நூலில் உள்ள முறை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். செய்முறையைப் பின்பற்றுவது வேறு, அதன் காரணத்தை அறிவது வேறு என்னும் உண்மை அங்கே வெளிப்பட்டது.

மாணவர் வாழ்வு

பள்ளியில் விவாதக் கழகமும் ஒளிப்படக் கழகமும் இருந்தன. அவை கூடுதற்கு இடமில்லாமற்போகவே, மூத்த மாணவர் தமக்கென ஒரு சிறு மன்றத்தைத் தாமே கட்ட முற்பட்டனர். வரைபடம் தீட்டுதல், அளத்தல், செலவு கணக்கிடுதல், மரவேலை ஆகிய அனைத்திலும் ஆசிரியரின் மேற்பார்வையில் அவர்கள் ஈடுபட்டனர். கணக்கும் கைத்திறனும் கூட்டுறவும் ஒரே பணியில் ஒன்றுபட்டன.

எனினும், கல்லூரி புகுமுகத் தேர்வு அப்பள்ளியையும் விட்டுவைக்கவில்லை. முதிர்ந்த மாணவர்க்கு அத்தேர்வை முன்னிட்டுத் தனிப்பயிற்சி தர வேண்டியிருந்தது. தேர்வுக்கும் கல்விக்கும் இடையிலான போராட்டம் நமக்கு மட்டும் உரியதன்று.

ஆசிரியர் நிலை

தொடக்கத்தில் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என டூயி கருதினார். அனுபவம் அக்கருத்தை மாற்றிற்று. வரலாற்றையும் அறிவியலையும் ஆழக் கற்றவரே, பிள்ளையின் சிறு கேள்வியிலிருந்து பெரும் பாடத்தை விரிக்க வல்லவர் என்பது தெளிவாயிற்று. ஆகவே துறைதோறும் தேர்ந்தோர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் வாரந்தோறும் கூடித் தம் பணியை ஆராய்ந்தனர். பாடத்தை வகுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. செய்து கற்றல் ஆசிரியரின் சுமையைக் குறைப்பதன்று, அவரிடமிருந்து மிகுந்த புலமையை வேண்டுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முடிவு

1901-இல், பிரான்சிசு பார்க்கர் என்னும் கல்வியாளரின் நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதனால் ஒரே பல்கலைக்கழகத்தில் இரு தொடக்கப் பள்ளிகள் அமைந்தன. டூயியின் பள்ளியைத் தனியே காக்கப் பெற்றோர் பொருள் திரட்டினர். ஆயினும் 1903-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. டூயியின் துணைவியார் ஆலிஸ் தலைமையாசிரியராக நீடிப்பது குறித்துப் பல்கலைக்கழகத் தலைவர் ஆர்ப்பருக்கும் டூயிக்கும் பிணக்கு மூண்டது. 1904-இல் டூயி பதவி விலகிக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பள்ளி பெயரளவில் தொடர்ந்தது. அவர் நடத்திய சோதனை அத்துடன் நின்றது. அங்குப் பணியாற்றிய கேத்தரின் மேகியூ, ஆன்னா எட்வர்ட்சு என்னும் உடன்பிறந்த ஆசிரியைகள் இருவர் 1936-இல் எழுதி வெளியிட்ட நூலால்தான் அதன் அன்றாட வாழ்வை நாம் அறிகிறோம்.

அப்பள்ளியை அப்படியே பின்பற்றுதல் நமக்கு இயலாது. ஆறேழு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்னும் வசதியும், கட்டணம் செலுத்தவல்ல பெற்றோரும் அதற்கு வாய்த்திருந்தனர். ஆனால், முறை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. புணர்ச்சி விதியைக் கற்பிக்கும் தமிழாசிரியரும், அவ்விதி தோன்றிய காரணத்தைச் சொற்களை ஒலித்துப் பார்த்து மாணவர் தாமே உணரச் செய்யலாம். அதற்கு வேண்டுவன ஆசிரியரின் புலமையும், அவர் சிந்தித்துச் செயற்பட நிருவாகம் அளிக்கும் உரிமையும் ஆகும். முன்னதை நாம் உழைத்துப் பெறலாம்; பின்னதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பதற்குத் தகுதியைத் தருவதும் அப்புலமையே.