சேறு காத்த கடிதங்கள்

ரஷ்யாவின் வடமேற்கில், இல்மென் ஏரியிலிருந்து வோல்கவ் ஆறு புறப்படும் இடத்துக்கு அருகே அமைந்த நோவ்கோரத் நகரின் பெயருக்குப் 'புதிய ஊர்' என்று பொருள்; ஆயினும் பழைய வரலாற்றுக் குறிப்பேடுகள் 859ஆம் ஆண்டிலேயே குறிப்பிடும் இவ்வூர், அந்நாட்டின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்றாகும். ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள 'தெத்தினெத்ஸ்' என்னும் கோட்டையும், அதனுள் 1045 முதல் 1050 வரை எழுப்பப்பட்ட புனித சோபியா பேராலயமும், எதிர்க்கரையில் பழைய சந்தையைச் சூழ்ந்து நிற்கும் தேவாலயங்களும் பயணிகளை முதலில் ஈர்க்கின்றன. எனினும் நோவ்கோரத்தின் மெய்யான செல்வம் தரைக்குக் கீழேதான் கிடந்தது.

நகரின் களிமண் நிலத்தில் நீர் வடிவதில்லை. சேற்றில் கால் புதையாதிருக்கத் தெருக்களில் மரக்கட்டைகளைப் பரப்பிய மக்கள், அவை அமிழ அமிழ அவற்றின் மேலேயே புதிய கட்டைகளை அடுக்கினர். வெலீக்கயா என்னும் ஒரு தெருவில் மட்டும் 953ஆம் ஆண்டு முதல் 1462 வரை இவ்வாறு 28 அடுக்குகள் ஏறியிருந்ததை, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஆய்வாளர்கள் கண்டனர். காற்றுப் புகாத அந்த ஈரத்தில் மரமும் தோலும் மக்கவில்லை.

1951 ஜூலை 26 அன்று, ஆர்ட்சிகோவ்ஸ்கி தலைமையில் நடந்த அகழாய்வில், தெருக்கட்டைகளுக்கு இடையே சுருண்டு கிடந்த பிர்ச் மரப்பட்டைத் துண்டு ஒன்றில் எழுத்துகள் தென்பட்டன. பட்டையின் மென்மையான உட்புறத்தில் எலும்பாலோ இரும்பாலோ ஆன கூரிய கோலால் கீறி எழுதுவதே அங்கு வழக்கம். 'பிசாலோ' எனப்படும் அக்கோலைத் தமிழர் எழுத்தாணி என்று உடனே அறிந்துகொள்வர். அதற்கு முன்பும் அத்தகைய கோல்கள் அகழாய்வுகளில் கிடைத்தே வந்தன என்பதும், எழுதப்பட்ட பட்டை கிடைக்கும்வரை அவை ஆணிகளாகவும் இன்னதென்று தெரியாத பொருள்களாகவும் பதிவு பெற்றன என்பதும் தொல்லியலுக்குச் சற்று நாணம் தரும் செய்தி.

இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் மன்னர்களின் போர்கள் அரிது. கடன் பாக்கி, நிலவரி, ஏவலாளுக்கு இட்ட கட்டளை போன்றவையே மிகுதி. மிகீத்தா என்பவன் உலியானித்சாவைத் தன்னை மணக்கும்படி கேட்டு, சாட்சியின் பெயரையும் சேர்த்தே எழுதினான். 13ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஓன்ஃபிம், பட்டைக் கூடையின் கழன்ற அடிப்பாகத்தில் அரிச்சுவடி எழுதிப் பழகியபின், மறுபுறம் நாக்கை நீட்டும் விலங்கொன்றை வரைந்து, அது தானே என்று குறித்துவைத்தான். இக்கடிதங்களின் எழுத்து முறையை முதலில் பாமரரின் பிழையென்றே பலர் கருதினர். மொழியியலாளர் சலிஸ்னியாக்தான் அது தனக்கென ஒழுங்கு கொண்ட வழக்கு என்றும், அதன் மொழி தனியொரு வட்டார வழக்கு என்றும் நிறுவினார்.

இத்தனை பேர் எழுதக் கற்றதில் வணிகத்துக்குப் பெரும் பங்கிருந்தது. மென்மயிர்த் தோலையும் மெழுகையும் ஜெர்மானிய வணிகர்க்கு விற்ற இந்நகரம், 1136ஆம் ஆண்டுக்குப் பின் இளவரசர்களை உடன்படிக்கையின் பேரில் அமர்த்தியும் விலக்கியும் வந்தது. அதற்கான முடிவுகளை 'வெச்சே' என்னும் ஊரவை எடுத்தது. 1478இல் நகரைத் தன் ஆட்சியில் சேர்த்த மூன்றாம் இவான், அவையைக் கூட்ட ஒலித்த மணியை இறக்கி மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றான்.

1941 முதல் 1944 வரை நீடித்த ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் நகரம் இடிபாடானது. ஊருக்கு வெளியே, 1198இல் கட்டப்பட்ட நெரேதித்சா தேவாலயத்தின் சுவரோவியங்களில் பெரும்பகுதி அழிந்தது. இன்று அங்கு நிற்பது போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் என்பதை அறிந்து செல்வது நலம்.

பீட்டர்ஸ்பர்கின் மாஸ்கோ நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் நோவ்கோரத்தை அடையலாமாயினும், ஒரு நாளில் சென்று திரும்புவோர் ஒரு கரையை மட்டுமே நிதானமாகக் காண இயலும். தேவாலயங்களில் பெண்கள் தலையை மூடுவதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதும் மரபு. கிரேக்க ஓவியர் தியோஃபன் 1378இல் தீட்டிய சுவரோவியங்களைக் கொண்ட, இலியினா தெருவிலுள்ள தேவாலயம் மழை நாட்களில் திறக்கப்படாமல் போவதுண்டு. பட்டையைக் காத்த அதே ஈரம் சுவர்ச்சாயத்துக்குப் பகையாதலால், வானம் தெளிந்த நாளை அதற்கு ஒதுக்கி, மழை பெய்தால் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் பட்டைக் கடிதங்களைப் பார்க்கலாம்.