தகடூர் உலையும் வெப்பக் கணக்கும்

வெப்ப இயக்கவியல் என்றதும் நம் மாணவர்களுக்கு கார்னோவும் 1824-ஆம் ஆண்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பாடத்தில் பாதி நம்ம ஊர் மண் உலையிலேயே எரிந்திருக்கிறது!

தகடூர் அதியமானின் வேல்கள் போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்ததை ஔவையார் சொன்னது நமக்குத் தெரியும். அந்த இரும்பின் சரித்திரம் அதற்கும் வெகு முந்தியது. 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிப் பகுதி மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது.

இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண் உலையும் தோல் துருத்தியும் தருவது ஏறத்தாழ 1200 டிகிரிதான். அப்புறம் எப்படி? கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. அதுக்கு இரும்பு உருகவே வேண்டாம். கசடு உருகி ஓடினால் போதும். மிஞ்சிய இரும்புக் கட்டியை ஆவாரங்குச்சி, பச்சிலையோடு மூசையில் வைத்து மூடி, இன்னும் கடுமையாகச் சுடுவார்கள். கரி ஒன்றரை சதவீதம் ஏறினால் உருகுநிலை சுமார் 100 டிகிரி இறங்கிவிடும். அதுதான் உருக்கு. லண்டனில் ஃபாரடே 1819-ல் ஆராய்ந்த 'வூட்ஸ்' இந்த வகைதான்.

இவ்வளவு கெட்டிக்கார உலை ஏன் அணைந்தது? மலிவான சீமை இரும்பும், வெள்ளைக்காரன் காட்டுக்குப் போட்ட கட்டுப்பாடும் காரணங்கள். வெப்பக் கணக்கும் ஒரு காரணம். சின்ன உலையில் கொள்ளளவுக்கு மேற்பரப்பு அதிகம். சூடு சுவர் வழியாகவே போய்விடும். ஊதுகிற குளிர்ந்த காற்றைச் சூடாக்கவும் கரி செலவாகும். 1828-ல் ஸ்காட்லாந்தின் நீல்சன், காற்றை முதலிலேயே சூடாக்கி ஊதும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஐந்தாறு வருடத்தில் அங்கே நிலக்கரிச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. 1830-ல் ஹீத் துரை பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெரிய ஆலையோ சேலத்துத் தாதுவையும் விறகுக் கரியையும் நம்பியது; அந்த நூற்றாண்டிலேயே மூடியும் போனது.

நீல்சன் அளந்தார், எழுதி வைத்தார். நம் உலைக்காரர்களின் அறிவு கையிலும் கண்ணிலும் இருந்தது. உலை அணைந்ததும் அதுவும் போய்விட்டது.

தம்பி தங்கைகளே! உங்கள் ஊரில் கொல்லுப் பட்டறை இன்னும் இருந்தால் ஒரு நாள் போய் உட்காருங்கள். எவ்வளவு கரி, எவ்வளவு நேரம், எந்த நிறத்தில் இரும்பை வெளியே எடுக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். வெப்பவியல் முதல் பாடம் அங்கேயே இருக்கிறது.