சைமன் காசிச்செட்டி

ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும் கடல்நீரேரியும் உடைய கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 17 வயதிலேயே புத்தளத்து நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளரானார். சாட்சி தமிழிற் சொல்வதை ஆங்கிலேய நீதவானுக்கு விளங்க வைப்பதே அவர் கடமை. ஒரு மொழியாரைப் பிறமொழியாருக்கு உணர்த்தும் அத்தொழிலை அவர் பின்னரும் கைவிட்டாரில்லை எனலாம்.

1834 இல், தமது 27 ஆவது வயதில், 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். இத்தீவின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிப்பது அந்நூல். அப்பொழுது புத்தளத்து மணியகாரராயிருந்த அவரை 1838 இல் அரசினர் சட்டநிரூபண சபையில் தமிழருக்குரிய உறுப்பினராக்கினர். நியமனம் பெற்றவரேயன்றி மக்களாற் தெரியப்பட்டவரல்லர். தேர்தல் என்பதே அந்நாளில் இந்நாட்டில் இல்லை.

உறுப்பினராயிருந்தபோதே, 1841 இல், 'உதயாதித்தன்' என்னும் தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேதான் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமாரின் 'உதயதாரகை'யும் தோன்றியது. தாரகைக்கு மிஷனின் அச்சகமும் பாடசாலைகளும் துணைநின்றன. தனியொருவர் முயற்சியான ஆதித்தனோ விரைவில் அஸ்தமித்தான்.

1845 இல் சபையைத் துறந்து சிவில் சேவையிற் புகுந்தார். ஐரோப்பியர் கையிலிருந்த அச்சேவையில் இடம்பெற்ற சுதேசிகளுள் அவரையே முதல்வராகக் கூறுவர். பின்னர் பொலிஸ் நீதவானாகவும், சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். தமிழரின் குரலை உத்தியோகத்துக்கு விற்றுவிட்டார் என்று இதனைக் குறைகூறுதல் எளிது. ஆயின், அரசாங்க உத்தியோகத்தரே மிகுந்திருந்த சபையில் ஒரு நியமன உறுப்பினரின் குரல் எவ்வளவு தூரம் எட்டியிருக்கும்?

வழக்குகளை விசாரித்த கையே, 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலையும் எழுதியது. கிரேக்க சரித்திராசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்நூலில் ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவரின் வரலாறுகள் உள்ளன. ஈழத்துப் புலவர்களும் தமிழகத்துப் பெரும்புலவரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டனர். செவிவழிக் கதையை வரலாற்றினின்றும் பிரித்தறியாத இடங்கள் அதிற் பல. காலவரையறையும் பல இடங்களிற் பொருந்தாது. எனினும், புறநானூறு அச்சேறியது 1894 இலே என்பதை நினைவுகூர்தல் வேண்டும். சங்கத் தொகைகள் ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய காலத்தில், கையில் அகப்பட்ட சுவடிகளையும் கேள்வியையுமே அவர் நம்பவேண்டியிருந்தது. 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை, அவர் வகுத்த பாதையிலேயே மேலும் நடந்தார்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1860 இல், காசிச்செட்டி காலமானார். தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் என்பன பற்றி அவர் எழுதிவைத்தவை நூலுருப் பெறுவதற்கு 1934 வரை காத்திருக்க நேர்ந்தது.