கைக்கு இசைந்த சுட்டி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் விடியற்போதில் நின்று நோக்குவோர், இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறியும் வலைஞரைக் காண்பர். ஒருவர் வலையின் மடிப்பை வலத்தோளில் இட்டு எறிவார். மற்றொருவர் இடத்தோளில் இட்டு எறிவார். இன்ன கையால்தான் எறிதல் வேண்டுமென்று வலை விதிப்பதில்லை. தோணியின் துடுப்பும் அத்தகையதே. அதன் பிடியைச் செதுக்கித் தன் உள்ளங்கைக்கு இசைவித்துக்கொள்பவரும் உளர். கைத்தொழிலில் இத்துணை எளிதாய் அமையும் இவ்விசைவு, பொறித்தொழிலில் எளிதாய் அமைந்ததில்லை. கணினியோடு வழங்கும் சுட்டி என்னும் சிறு கருவி, கம்பியை அறுத்துக்கொண்டு எக்கைக்கும் உரியதாய் மாறிய வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீண்டது.

பொறியும் கையும் அலுவலகங்களிற் பெருமளவிற் சந்தித்த முதலிடம் தட்டச்சு. 1874ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனத்தார் விற்பனைக்கு விட்ட ஆங்கிலத் தட்டச்சுப்பொறி, விசைகளை ஒரு வரிசையில் நிறுத்தியது. உலகத்து விரல்கள் யாவும் அவ்வரிசைக்குப் பழகிக்கொண்டன. தமிழுக்கோ விரல் பழகினாற் போதாது என்னும் நிலை. எழுத்துக்கள் 247, பொறியில் இருந்த விசைகளோ நாற்பத்தாறு. இச்சிக்கலைத் தீர்த்தவர் ஈழத்தவர் என்பது நேயர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, இளமையில் மலாயா நாட்டுக்குச் சென்று, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஆர். முத்தையா என்பாரே அவர். தட்டியவுடன் தாள் நகர்வதே தட்டச்சின் இயல்பு. முத்தையா சில விசைகளை நகரா விசைகளாக்கினார். அவற்றைத் தட்டின் குறி பதியும், தாள் நகராது. ஆகவே அடுத்துத் தட்டும் மெய்யோடு அக்குறி ஒட்டி நிற்கும். 'வி', 'வீ' முதலிய எழுத்துக்கள் இவ்வாறு பிறந்தன. அவர் வகுத்த பொறிகள் ஜெர்மனியில் உருவாகி வந்தன. அவர் பொறியைத் தமிழுக்கு இசைவித்தார். எனினும் தட்டுபவரின் கை எத்தகையது என்று கேட்கும் காலம் அன்னாளில் வரவில்லை.

அக்கேள்வி எழுந்தது கணினிக்குத் திரை அமைந்த பின்னரே. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், கடற்படையின் ராடர்த் தொழில்நுட்பராகப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அங்கே லெய்ற்றே தீவில், தூண்கள்மேல் நின்ற ஓலைக்குடிலொன்று செஞ்சிலுவைச் சங்கத்தாரின் படிப்பகமாய் இருந்தது. அக்குடிலில் அமர்ந்து, மனிதரின் அறிவுத்தொகுதியை நினைத்த மாத்திரத்தில் எடுத்துத்தரும் பொறியொன்றைப் பற்றி வன்னெவர் புஷ் என்னும் அறிஞர் எழுதிய கட்டுரையை அவர் படித்தார். ராடர்த் திரையில் ஒளிப்புள்ளி தோன்றுவதை நாள்தோறும் கண்டவருக்கு, எழுத்தும் படமும் அவ்வாறே திரையிற் தோன்றலாம் என்னும் எண்ணம் பின்னர் உதித்தது. தோன்றியவற்றுள் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது எவ்வாறு என்பது அதன் வழி வந்த வினா.

கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரிலிருந்த ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் அவ்வினாவுக்கு விடை தேடினார். நிலப்படத்தின்மேற் சக்கரத்தை உருட்டிப் பரப்பளவு காணும் பழைய அளவைக் கருவியொன்று அவர் நினைவுக்கு வந்தது. 1964ஆம் ஆண்டில் அவருடைய துணைவர் வில்லியம் இங்கிலிஷ் அதனைச் செய்து முடித்தார். கைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டை. அதன் அடியிற் செங்கோணமாய் அமைந்த இரு சக்கரங்கள். மேலே ஒரு பொத்தான். பின்னே நீண்ட கம்பியை வாலெனக் கண்டு, ஆய்வுக்கூடத்தில் யாரோ 'எலி' என்றனர். அப்பெயர் நிலைத்துவிட்டது.

ஆயினும் எலிக்குப் போட்டியாளர் பலர் இருந்தனர். ஒளிப்பேனா, சாய்கோல் முதலியவற்றோடு, மேசையின் அடியில் முழங்காலால் அசைக்கும் கருவியொன்றையும் அக்குழுவினர் செய்து, யாவற்றையும் ஒருங்கே சோதித்தனர். பழகியவர் கையில் எலியே முந்தியது. பழகாதவர்க்கோ முழங்காற் கருவி வியக்கத்தக்க வகையில் எளிதாய் இருந்தது. சுட்டும் வேலைக்கு உரிய உறுப்பு வலக்கை ஒன்றே என்னும் விதி, இக்கருவியின் பிறப்பில் இல்லை என்பதற்கு இச்சோதனை சான்றாகும்.

வலக்கை எவ்வாறு நுழைந்தது? எங்கல்பார்ட் தம் மேசையில் இடக்கைக்கு ஐந்து விசைகள் கொண்ட ஒரு பலகையை அமைத்திருந்தார்; ஒரு கையாலேயே அதில் எழுத்துக்களைத் தட்டலாம். வலக்கை சுட்டும், இடக்கை எழுதும். பின்வந்தோர் அவ்விசைப்பலகையைக் கைவிட்டனர். எலியை மாத்திரம் வலப்பக்கத்திலேயே விட்டுவைத்தனர். கருவியைக் கற்பது கடினமாயின் கற்கத்தான் வேண்டும் என்பது எங்கல்பார்ட்டின் கொள்கை. மூன்று சக்கர வண்டி எளிது. ஆயினும் இரு சக்கர வண்டியே தூரம் செல்லும் என்று அவர் உவமை கூறுவதுண்டு. உவமை நன்றே. எனினும், வண்டி எல்லார் காலுக்கும் எட்டும் உயரத்தில் இருத்தல் வேண்டுமன்றோ?

1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் அவர் இக்கருவியை இயக்கிக் காட்டினார். தொண்ணூறு நிமிட நேரம் நடந்த அந்நிகழ்ச்சியில் ஒரு புதுமை உண்டு. கணினி ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில், மென்லோ பார்க்கில் இருந்தது. திரைக்காட்சி நுண்ணலை வழியாக வான்வெளியில் வந்து சேர்ந்தது. காட்சி கம்பியின்றி வந்தது. கையிலிருந்த எலி மட்டும் கம்பியிற் கட்டுண்டு கிடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் உருளும் பந்து பொருந்திய மற்றொரு சுட்டுங்கருவியைத் தானாகவே உருவாக்கி அறிவித்திருந்தது. எங்கல்பார்ட்டுக்கு 1970ஆம் ஆண்டில் உரிமைப்பட்டயம் கிட்டியது. கருவி வீடுதோறும் புகுமுன்னரே, 1987இல் அதன் காலம் முடிந்தது. அதனால் அவர் செல்வம் எய்தினாரல்லர்.

ஸெரொக்ஸ் நிறுவனத்தார் 1973இல் தம் ஆய்வுக்கூடத்துக் கணினியிலும் 1981இல் விற்பனைக் கணினியிலும் சுட்டியைச் சேர்த்தனர். விலை மிகுதியாற் பரவவில்லை. ஆப்பிள் நிறுவனத்துக்காக மலிவான சுட்டியொன்றை வகுக்க முனைந்த டீன் ஹோவி என்னும் இளைஞர், வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியையும், அக்குளிற் பூசும் வாசனைத் திரவக் குப்பியின் உருளும் பந்தையும் கடையில் வாங்கிவந்து முதன் மாதிரியைப் புனைந்தார். ஆப்பிள் சுட்டியில் ஒரே பொத்தான். கற்பதற்கு எளிதாதல் வேண்டுமென்று கருதிச் செய்யப்பட்ட அக்குறைப்பு, எவரும் எண்ணாத நன்மையொன்றைத் தந்தது. ஒரே பொத்தானுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை.

1984ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினியில், சூசன் கேர் என்னும் ஓவியர் வகுத்த ஒரு சிறு பலகை திரையிற் தோன்றும். இரட்டை அழுத்தம் எத்துணை விரைவாய் இருத்தல் வேண்டும் என்பதனை அங்கே பயனரே தெரிவுசெய்யலாம். விசைகள் திரும்பத் திரும்பப் பதியும் வேகத்தைக் காட்ட, ஒரு புறம் ஆமையும் மறுபுறம் முயலும் தீட்டப்பட்டிருந்தன. கதையில் வெல்வது ஆமை. இங்கோ வெல்பவர் எவருமிலர், அவரவர் வேகமே சரியான வேகம். கை கருவிக்குப் பழகிய காலம் போய், கருவி கையைக் கேட்கத் தொடங்கிய இடம் இப்பலகை எனலாம். பல பொத்தான்கள் உடைய சுட்டிகள் பெருகியபொழுது, இடப் பொத்தானின் வேலையை வலப் பொத்தானுக்கு மாற்றும் வசதியும் கணினிகளில் இடம்பெறலாயிற்று.

தமிழ்ப் பெயரைப் பற்றி ஈண்டு ஒரு சொல். ஆங்கிலம் விலங்கின் உருவைக் கண்டு பெயரிட்டது. தமிழ் தொழிலைக் கண்டு சுட்டி என்றது. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்து என்றனர் இலக்கண நூலார். அவற்றுள் தமிழகத்தில் வழக்கொழிந்த உகரச் சுட்டு, யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது' என இன்றும் உயிரோடு உலவுகின்றது. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்று, 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை பூண்ட விபுலாநந்த அடிகள், 1947ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார். கணினியைச் சிறுக்கச் செய்த டிரான்சிஸ்டர் தோன்றியது அதே ஆண்டு டிசெம்பரில். அடிகள் இச்சொல்லைக் கேட்டிருப்பின் வேறு சொல் தேடியிருக்கமாட்டார்.

கம்பி அகன்ற கதை சுருங்கியது. சுவிட்சர்லாந்து நாட்டில் தோன்றிய லொஜிடெக் நிறுவனம், 1984இல் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் சுட்டியொன்றைச் செய்தது. சுட்டிக்கும் ஏற்பிக்கும் இடையே ஒரு புத்தகம் இருந்தாலும் ஒளி மறைந்துவிடும். ஆகவே அந்நிறுவனத்தார் 1991இல் வானொலி அலைக்கு மாறினர். வானொலி அலை புத்தகத்தையும் மரப்பலகையையும் ஊடுருவும். இக்காலத்துக் கம்பியில்லாச் சுட்டி, வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுள்ள அலையில் பேசுகின்றது. உள்ளங்கையில் அடங்கும் அச்சுட்டி ஒரு சிறு வானொலி நிலையம். கணினியிற் செருகும் நகமளவு ஏற்பியோ அதனைக் கேட்கும் ஒரே நேயர். 1999இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட சுட்டியில் பந்தும் நீங்கியது. அடியிலுள்ள சிறு கண் மேசைப்பரப்பை வினாடிக்கு 1500 முறை படம்பிடித்து, படம் நகர்ந்த அளவைக்கொண்டு கை நகர்ந்த அளவை அறிந்தது. பளபளக்கும் கண்ணாடிமீது இத்தகைய சுட்டிகள் பல தடுமாறுவது, அங்கே படம்பிடிக்கத்தக்க கீறலோ புள்ளியோ இன்மையாலாகும். ஒரு தாளை விரித்தாற் போதும்.

இதனை அமைப்பது கடினமன்று. மின்கலத்தைக் கூட்டல், கழித்தற் குறி நோக்கி இட்டு, அடியிலுள்ள ஆளியைத் திறந்து, ஏற்பியைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையிற் செருகினால், சிறிது நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். ஏற்பியற்ற புளூடூத் வகையாயின், சுட்டியின் இணைப்புப் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து, கணினியின் அமைப்புப் பகுதியிற் புதுக்கருவி சேர்த்தலைத் தெரிவுசெய்தல் வேண்டும். வானொலிப் பெட்டியில் நிலையம் பிடிப்பதை ஒத்ததே இதுவும். ஒரு முறை பிடித்தபின் மறுமுறை தேடவேண்டியதில்லை. பின்னரே முக்கியமான வேலை உளது. அமைப்புப் பகுதியில் சுட்டிக்குரிய பக்கத்தைத் திறந்தால், முதன்மைப் பொத்தான் இடமா வலமா என்னும் கேள்வி முதலில் நிற்கும். அம்புக்குறியின் வேகமும், இரட்டை அழுத்தத்தின் இடைவெளியும், உருளையை ஒரு முறை சுழற்றினால் எத்தனை வரி நகர்தல் வேண்டும் என்பதும், கண்பார்வை மங்கியோர்க்கென அம்புக்குறியின் பருமனும் நிறமும் அடுத்து வரும். முதுமையால் விரல் நடுங்குவோர் இரட்டை அழுத்தத்தின் இடைவெளியை நீட்டிக்கொண்டால், கணினியோடு பிணங்கவேண்டிய நிலை பெரிதும் குறையும்.

மக்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கையர் என்பர். எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் மூவர் நால்வர் அத்தகையோராதல் கூடும். அன்னோரின் முன்னோர், சோற்றுக்கையால் எழுதப் பழகு என்று அதட்டப்பட்டோர். விரலில் அடிமட்டம் பட்டோரும் அவருள் உளர். 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரில் வலக்கை இழந்து, இடக்கையால் எழுதவும் உண்ணவும் புதிதாய்ப் பழகியோரும் இப்பிரதேசத்தில் வாழ்கின்றனர். பாடசாலைக் கணினிக்கூடத்தில் கம்பியுள்ள சுட்டி பெட்டியின் வலப்புறத்திற் பிணிக்கப்பட்டிருக்குமாயின், இடக்கைப் பிள்ளை விசைப்பலகையின் குறுக்கே கையை நீட்டல் வேண்டும்; அன்றேல் வலக்கையாற் தடுமாறல் வேண்டும். மந்தமான பிள்ளை என்று ஆசிரியர் குறித்துக்கொள்வது அப்பொழுதுதான். கம்பி இல்லாவிடின் சுட்டியை எடுத்து இடப்புறம் வைத்தாற் போதும். பொத்தானை மாற்ற அரை நிமிடம் செல்லும்.

எனினும் வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விலையுயர்ந்த சுட்டிகள் பல, வலக்கைப் பெருவிரலுக்கெனப் பக்கத்தில் வளைவு குடைந்தே வருகின்றன. பொத்தானை மாற்றலாம், வளைவை மாற்றல் இயலாது. இருபுறமும் ஒத்த வடிவுடைய மலிவான சுட்டியே பாடசாலைக்கு ஏற்றது. மேலும், ஒரே பயனர்பெயரில் வகுப்பு முழுவதும் ஒரு கணினியைத் திறக்குமாயின், ஒரு பிள்ளை மாற்றிய பொத்தான் அடுத்த பிள்ளையைத் திகைக்கவைக்கும். இடப் பொத்தானை அழுத்தினால் கோப்புத் திறவாமல் பட்டியல் விரியும். சுட்டி பழுதாயிற்று என்று அப்பிள்ளை கையுயர்த்தும். தனித்தனிப் பயனர்பெயர் கொடுத்தால் அவரவர் அமைப்பை அக்கணினி அவரவர்க்கெனக் காத்துவைக்கும். அவ்வாறு கொடுக்க ஒரு பிற்பகல் செலவாகும்.